சேர்வர் எழுதி வைத்திருந்ததை 15 நாள் நான் வாசிக்கவில்லை

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு அரிசி ஆலையில் கணினி வேலை முழுவதையும் நான் ஒருவன்தான் பார்க்கிறேன். கணக்கு மென்பொருள், கமெரா, நெட்வேர்க், பிரிண்டர், அலுவலகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன அறையில் இருக்கிற ஒரு சேர்வர், எல்லாம் என் பொறுப்பு. சேர்வர் கொழும்பில் பாவித்த நிலையில் வாங்கியது. ஒரு புரொசசர், 16 ஜிபி மெமறி நான்கு, இரண்டு பவர் சப்ளை, லினக்ஸ் இயங்குதளம். விவசாயி கொண்டுவரும் நெல் தராசில் ஏறியதிலிருந்து காசு கைக்குப் போகும்வரை உள்ள ஒவ்வொரு துண்டும் அதற்குள்தான் இருக்கிறது. எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் 16 நாளும் இரண்டரை லட்சத்துக்கு மேல் காசும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாசி மாதம் இரண்டாம் கிழமை, திங்கட்கிழமை. காலபோக அறுவடை உச்சத்தில் நின்றது. வட்டக்கச்சி, கண்டாவளைப் பக்கமிருந்து வந்த உழவு இயந்திரங்கள் கேற்றுக்கு வெளியே வரிசையில். காலை பத்தரை தாண்டி, தராசில் ஒரு உழவு இயந்திரப் பெட்டி ஏறி நிற்கும்போது எல்லாக் கணினியும் ஒரே நேரத்தில் உறைந்துவிட்டன. ஓடிப்போய்ப் பார்த்தால் சேர்வர் தானாக நின்று திரும்ப எழும்பிக்கொண்டிருந்தது. எட்டு, ஒன்பது நிமிடத்தில் சரி. அன்று பின்னேரம் ஒருமுறை. அடுத்த நாள் மூன்று முறை.

"கரண்ட்தான் தம்பி" என்றார் ஆலை மேற்பார்வையாளர். நானும் அதையே நினைத்தேன். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டில் இருந்து பழகிய எங்களுக்கு எது நின்றாலும் முதலில் கரண்டைச் சொல்லத்தான் வரும். அதோடு, சேர்வர் நிற்பது பெரும்பாலும் ஆலையின் பெரிய மோட்டர்கள் ஓடும் நேரத்தில். மோட்டர் தொடங்கும்போது லைட் ஒருமுறை மங்கி எழும்பும். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று இருந்தது எனக்கு.

ஆனால் அன்றைக்கே என் கண் முன்னால் ஒரு விஷயம் இருந்தது. சேர்வருக்குப் போட்ட அதே யூபிஎஸ்ஸில்தான், அதாவது கரண்ட் போனால் பற்றரியில் ஓட்டும் பெட்டியில்தான், நெட்வேர்க் சுவிட்சும் கமெராப் பெட்டியும் போட்டிருக்கிறோம். சேர்வர் நின்ற ஒருமுறைகூட அவை இரண்டும் நிற்கவில்லை. கமெராப் பதிவில் ஒரு செக்கன்கூட வெட்டு இல்லை. சேர்வர் நின்ற நேரம் யார் அறைக்குப் போனது என்று தேட அந்தப் பதிவை நானே ஓடவிட்டுப் பார்த்தவன். வெட்டில்லாமல் ஓடுகிறதே என்று ஒரு கணம் யோசித்தும், அடுத்த கணம் வேலை நெருக்கத்தில் விட்டுவிட்டேன். உங்கள் சேர்வர் நின்றால் முதலில் அதே வயரில் உள்ள மற்றச் சாமான்களைப் பாருங்கள். அவை நிற்காமல் இது மட்டும் நின்றால் யூபிஎஸ் கடைக்குப் போன் எடுக்க அவசரப்படாதீர்கள்.

நான் எடுத்தேன். மூன்றாம் நாள் மின் வேலைக்காரரைக் கூப்பிட்டு எர்த் கம்பி புதிதாக அடித்து, அறைக்குத் தனி லைன் இழுத்தோம்: 32,000 ரூபா. ஆறாம் நாள் 3 கேவிஏ ஒன்லைன் யூபிஎஸ் ஒன்று வந்தது: 185,000 ரூபா. அதைப் பூட்டிய அன்று பின்னேரம் நாலு மணிவரை சேர்வர் நிற்கவில்லை. முதலாளி வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். நாலு பத்துக்கு நின்றது. அவருடைய வாகனம் கேற் தாண்டியிருக்காது. அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. வெளியே போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பிறகு துண்டுகளைக் கையால் எழுதத் தொடங்கினோம். நிறை, மூட்டை எண்ணிக்கை, ஈரப்பதன், எல்லாம் கார்பன் தாள் வைத்த கொப்பியில். இரவு சேர்வர் அமைதியாக இருக்கிற நேரத்தில் நானும் கணக்குப் பிள்ளையும் இருந்து ஏற்றுவோம். வீட்டுக்குப் போக ஒரு மணி, இரண்டு மணி. அப்படி ஏற்றியதில் 11 துண்டுகள் பிழையாகிவிட்டன. கண்டாவளையிலிருந்து வந்த ஒரு அம்மாவின் 38 மூட்டை 33 என்று ஏறிவிட்டது. கார்பன் தாளில் எட்டின் இடது பக்கம் பதியவில்லை. அவ காசுக்காக மூன்று தரம் பஸ் ஏறி வந்தவ. கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை, "பிள்ளை, வடிவாப் பாருங்கோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வாங்கில் இருந்தா. அந்த ஐந்து மூட்டையைக் கண்டுபிடித்துக் கொடுக்க எனக்கு அரை நாள் பிடித்தது.

பத்தாம் நாள் கொழும்பிலிருந்து ஒரு சேவிஸ் ஆள் வந்தார். வாகனச் செலவும் கூலியும் சேர்த்து 45,000 ரூபா. அவர் நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு மணித்தியாலம் மெமறிச் சோதனை ஓட்டி, "மெமறி பாஸ்" என்றார். இயங்குதளம் பழுது என்று சொல்லி லினக்ஸைத் திரும்பப் பதித்தார். இரண்டு நாள் சேர்வர் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் பழையபடி. போனில் கேட்டபோது, "அப்ப மதர்போர்ட்தான், புதுச் சேர்வர் எடுங்கோ" என்று 12 லட்சத்துக்கு ஒரு விலைப்பட்டியல் அனுப்பினார். முதலாளி அதை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஒரு நாள் தாங்கோ என்றேன்.

அந்த இரவு, 15 ஆம் நாள், என்னோடு வவுனியாவில் படித்த ஒருவனுக்குப் போன் எடுத்தேன். அவன் வெளிநாட்டில் ஒரு தரவு மையத்தில் வேலை. முதல் நாளே எடுத்திருக்கலாம். ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பானோ என்ற வெட்கத்தில் எடுக்காமல் விட்டேன். அந்த வெட்கத்தின் விலை எவ்வளவு என்று இப்போது தெரியும்.

"மச்சான், லொக் பாத்தனியோ?"

"பாத்தனான். 10.38க்கு ஒரு வரி. அடுத்த வரி 10.47, பூட் ஆன வரி. நடுவில ஒண்டுமில்லை."

"அது லினக்ஸ் எழுதுற லொக். போர்ட் எழுதுற லொக் பாத்தனியோ எண்டு கேக்கிறன்."

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவன் சொன்னதை என் சொல்லில் தருகிறேன். சேர்வரின் மதர்போர்ட்டில் பிஎம்சி என்று தனியாக ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. சேர்வர் அணைந்திருந்தாலும், மின்வயர் செருகியிருந்தால் அது உயிரோடு இருக்கும். வெப்பம், விசிறி, மின்னழுத்தம், பவர் சப்ளை, மெமறி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்து, ஏதாவது பிழைத்தால் தன்னுடைய பதிவேட்டில் ஒரு வரி எழுதும். அதைத்தான் எஸ்ஈஎல் என்பார்கள், சிஸ்டம் இவென்ட் லொக். லினக்ஸ் திடீரென்று செத்தால் தன் சாவைத் தானே எழுத அதற்கு நேரம் கிடைக்காது. பக்கத்தில் நிற்கும் இந்தக் குட்டிக் கணினிதான் எழுதும். டெல் சேர்வர் என்றால் ஐட்ராக், எச்பி என்றால் ஐலோ என்று இதற்குப் பெயர். பின்பக்கம் இதற்கென்று தனி நெட்வேர்க் துளை இருக்கும், பிரவுசரிலேயே பார்க்கலாம். என்னுடையதில் அந்தத் துளைக்கு வாங்கிய நாளிலிருந்து வயரே செருகவில்லை. வயர் இல்லாவிட்டாலும் லினக்ஸுக்குள் இருந்தபடியே ஐபிஎம்ஐடூல் என்ற கருவியைப் பதித்து, அதன் பெயருக்குப் பின்னால் எஸ்ஈஎல், ஈலிஸ்ட் என்று இரண்டு சொல் போட்டால் பட்டியல் முழுக்க வரும். என் சேர்வரில் அதற்கு முன் இரண்டு கேர்னல் மொடியூல் (லினக்ஸோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரல்) ஏற்றவேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து பத்து நிமிட வேலை.

512 வரி வந்தது. 480க்கு மேல் ஒரே வரிதான் மாறி மாறி: இரண்டாவது பவர் சப்ளைக்கு மின் இல்லை, மின் வந்தது, இல்லை, வந்தது. எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. "பாத்தியோ, கரண்ட்தான்" என்றேன். அவன் அவசரப்படவில்லை. "இரண்டாவது பவர் சப்ளை எங்க செருகியிருக்கு?" என்று கேட்டான். போய்ப் பார்த்தேன். யூபிஎஸ்ஸில் இடம் போதாமல் அதை நேரே சுவர் பிளக்கில் போட்டிருந்தேன். ஆலை மோட்டர் எழும்பும் ஒவ்வொரு தரமும் அந்தப் பவர் சப்ளை முறையிட்டிருக்கிறது. முதலாவது யூபிஎஸ்ஸில் இருந்ததால் சேர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பக்க மஞ்சள் விளக்கு அடிக்கடி எரிந்து அணைவதும் இதனால்தான். அது அப்படித்தான் எரியும் என்று பழகிப்போய், அதைப் பார்ப்பதையே நான் விட்டிருந்தேன்.

"கரண்ட் வரியெல்லாத்தையும் விட்டிட்டு மிச்சத்தை வாசி" என்றான். மிச்சத்தில் 14 வரிகள் ஒரே மாதிரி. ஸ்லொட் என்றால் மெமறி செருகும் இடம். திருத்தக்கூடிய மெமறிப் பிழை, ஸ்லொட் ஏ2. திருத்தக்கூடிய மெமறிப் பிழை, ஸ்லொட் ஏ2. முதலாவது வரி கார்த்திகை மாதத்தில். கடைசி மெமறி வரி தை 22. அதற்குப் பிறகு ஒரேயொரு வரி: பதிவேடு நிறைந்துவிட்டது.

இந்த இடத்தை ஆறுதலாக வாசியுங்கள். பிஎம்சியின் பதிவேட்டுக்கு அளவு உண்டு. பல சேர்வர்களில் அது நிறைந்த பிறகு புது வரி ஏறாது. என்னுடையதில் அந்தக் கரண்ட் வரிகள் கொப்பியை நிரப்பிவிட்டன. மாசியில் சேர்வர் செத்தபோது அதைப் பதிய ஒரு வரி இடமில்லை. நான் சாமான் சாமானாக வாங்கி மாற்றிக்கொண்டிருந்த நாள் முழுக்கப் பதிவேடு வாய் கட்டி இருந்திருக்கிறது. ஆனால் கார்த்திகையிலிருந்து தைவரை அது சொன்னது போதுமானது. ஒன்றிரண்டு திருத்தப்பட்ட பிழை எப்போதாவது வருவது சாதாரணம். ஒரே ஸ்லொட் திரும்பத் திரும்ப வந்தால் அது சாதாரணமில்லை.

முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்துவிட்டு, பிறகுதான் பதிவேட்டை அழித்தேன். இந்த வரிசை முக்கியம். சேமிக்காமல் அழித்தால் மூன்று மாத வரலாறு போய்விடும். விளக்கு அணையட்டும் என்று அழித்துவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். இரண்டாவது பவர் சப்ளையைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பழைய யூபிஎஸ்ஸிலும், முதலாவதைப் புதியதிலும் போட்டேன்.

அடுத்த நாள் காலை சேர்வர் நின்றது. எழும்பியவுடன் பதிவேட்டைத் திறந்தேன். திருத்தமுடியாத மெமறிப் பிழை, ஏ2, நேரம் 05.12. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடிய ஐந்து மணிக்கு ஆலையில் காவலாளியைத் தவிர ஆளில்லை, சேர்வரும் நிற்கவில்லை. பத்து நிமிடம் குழம்பியபிறகுதான் பிடிபட்டது. பிஎம்சியின் மணிக்கூடு கிரினிச் நேரத்தில் ஓடுகிறது, எங்கள் நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். 05.12 என்றால் எங்களுக்கு 10.42. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நான் தாளில் குறித்து வைத்திருந்த நேரமும் 10.42. பதிவேட்டின் நேரத்தை எப்போதும் முதலில் சரிபாருங்கள். போர்ட்டில் உள்ள காசு வடிவப் பற்றரி செத்திருந்தால் 1970 ஆம் ஆண்டுத் திகதிகூட வரும். நேரம் பொருந்தாமல் வரியை மட்டும் நம்பினால் வேறொரு குற்றவாளியைப் பிடித்துவிடுவீர்கள்.

ஏன் இத்தனை நாளும் கரண்ட் போலத் தெரிந்தது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. ஆலை மோட்டர் ஓடும் நேரமும் நெல் வாங்கும் நேரமும் ஒன்று. நெல் வாங்கும்போது தரவுத்தளம் மெமறியை நிறையப் பிடிக்கும், பழுதான இடத்தைத் தொடும், சேர்வர் விழும். மோட்டருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டும் ஒரே மணிக்கு வேலைக்கு வருகின்றன, அவ்வளவுதான். லினக்ஸ் புதிதாகப் பதித்தபின் இரண்டு நாள் ஓடியதும் அதனால்தான். புதிதில் மெமறி அவ்வளவு நிரம்பவில்லை. சேவிஸ் ஆளின் சோதனை பாஸ் ஆனதற்கும் காரணம் உண்டு. சேர்வர் மெமறி ஈசிசி வகை. ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) பிழையானால் அது தானே திருத்திவிடும், சோதனை மென்பொருளுக்கு அது தெரியவே வராமல் போகலாம். திருத்தியதை எழுதி வைப்பது பதிவேடு. இரண்டு பிட் சேர்ந்து பிழையானால் திருத்த முடியாது, அப்போது பிழையான தரவோடு தொடர விடாமல் சேர்வரே நின்றுவிடும். அது நின்றபோதெல்லாம் நான் திட்டியிருக்கிறேன். சாதாரண மெமறியாக இருந்திருந்தால் நிற்காமல் ஓடி, ஒரு விவசாயியின் நிறையில் ஓர் இலக்கத்தைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதியிருக்கக்கூடும் என்று யோசித்தபோது உடம்பு குளிர்ந்தது.

ஏ2 என்று பதிவேடு சொன்னாலும் பழுது மெமறியிலா, ஸ்லொட்டிலா என்று அது சொல்லாது. அதற்கு வழி இடம் மாற்றிப் பார்ப்பது. அன்று பின்னேரம் வேலை முடிந்து, சேர்வரை அணைத்து, இரண்டு வயரையும் பிடுங்கி, மூடியைத் திறந்தேன். உள்ளே தவிட்டுத் தூசி, மாவு மாதிரி, மெமறிகளின் இடுக்கெல்லாம் அடைந்து மஞ்சளாக நின்றது. விரலால் தொட்டால் ஒட்டும். தூரிகையாலும் புளோவராலும் எடுத்து, மெமறியின் தங்க நிற விளிம்பை மதுசாரம் தொட்ட துணியால் துடைத்தேன். ஏ2 இல் இருந்ததை ஏ4 க்கும், ஏ4 இல் இருந்ததை ஏ2 க்கும் மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. பிழை ஏ2 இலேயே நின்றால் ஸ்லொட் அல்லது போர்ட். ஏ4 க்கு நகர்ந்தால் மெமறி.

அடுத்த நாள் பகல் இரண்டு இருபதுக்கு மூன்று வரி வந்தது. மூன்றிலும் ஏ4.

அந்த ஒரு மெமறியைக் கழற்றி வெளியே வைத்தேன். மிச்சம் மூன்றும் ஏ1, ஏ2, ஏ3 என்று ஒழுங்காக இருந்தபடியால் 48 ஜிபியோடு சேர்வர் எழும்பியது. அன்றும் நிற்கவில்லை, அடுத்த நாளும் நிற்கவில்லை. ஒரு ரூபா செலவில்லாமல் இதை முதல் நாளே செய்திருக்கலாம். அந்த இரவு வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். மனைவி, "இப்பதான் சரிவந்திட்டுதே, பிறகேன்?" என்று கேட்டா. கரண்ட் வேலை, யூபிஎஸ், சேவிஸ் ஆள் எல்லாம் கூட்டினால் 262,000 ரூபா. கையால் எழுதிய பத்து நாளும், அந்த அம்மாவின் மூன்று பஸ் பயணமும் அந்தக் கணக்கில் இல்லை.

புது மெமறி வாங்கும்போது ஒரு கவனம். முதலில் விசாரித்த கடையில் சாதாரண கணினி மெமறியைத்தான் காட்டினார்கள், அளவும் வேகமும் ஒன்றுதானே என்று. ஒத்து வராது. பொதுவாகச் சாதாரண மெமறியில் ஒரு வரிசைக்குக் கறுப்புச் சில்லு எட்டு இருக்கும் இடத்தில் ஈசிசியில் ஒன்பது இருக்கும், படத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். அதிலும் ரெஜிஸ்டர்ட் என்றும் அன்பஃபர்ட் என்றும் இரண்டு வகை உண்டு, இரண்டையும் கலந்து போட முடியாது. பழைய மெமறியின் லேபிளை முழுக்கப் படமெடுத்து அனுப்பினேன். 16,500 ரூபாவுக்குப் பாவித்தது கிடைத்தது. இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். விடிய நாலரைக்குக் கிளிநொச்சியில் பஸ் நின்றபோது நடத்துநர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொதியை எடுத்துத் தந்தார். முறிகண்டியில் வாங்கிய கச்சான் சரை ஒன்றும் அதே பையில் இருந்தது, அதையும் பாதி பிரித்துக் கையில் போட்டுவிட்டுப் போனார்.

மெமறியைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன், ஆனால் வன்தட்டுக்கும் இதே பழக்கம் உதவும். அவற்றுக்கு ஸ்மார்ட் என்று தனிப் பதிவு உண்டு. அதில் 5 ஆம், 197 ஆம் வரிகளில் உள்ள தொகை (தட்டில் பழுதான இடங்களின் கணக்கு) ஏறிக்கொண்டே போனால் தட்டு சாகிறது, பாக்கப் எடுத்துவிட்டு மாற்றவேண்டும். 199 ஆம் வரி (வயர் வழியில் வந்த பிழைகளின் கணக்கு) மட்டும் ஏறினால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள், தட்டு நல்லதாக இருக்கலாம்.

முதலாளி அந்த 12 லட்ச விலைப்பட்டியலை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். என்னை ஏசவில்லை. "அடுத்த முறை முதல் நாளே கேளும்" என்றார், அவ்வளவுதான். இப்போது சேர்வர் பின்பக்கத் துளைக்கு வயர் போட்டாயிற்று, பிஎம்சியின் பழைய கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். மாதம் முதலாம் திகதி பதிவேட்டைச் சேமித்து, அச்செடுத்து, ஒரு 80 பக்க அப்பியாசக் கொப்பியில் ஒட்டி, பிறகு அழிக்கிறேன். நேரத்தைப் பார்த்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அன்று ஆலையில் என்ன நடந்தது என்று பேனையால் எழுதுவேன். இந்த மாதம் ஆறு வரி. ஐந்து, ஊரில் கரண்ட் போன நாட்கள். ஆறாவது, மூடி திறக்கப்பட்டது என்று சொல்கிறது. அது நான்தான், தூசி தட்டத் திறந்தேன், சனிக்கிழமை பின்னேரம் 5.40.